தேருக்கு நிலை உண்டு, காருக்கு?

தோழனே!

தஞ்சையிலிருந்து வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளையும் கடந்து திருவையாற்றுக்குள் நுழைகிற கார், ஆறாவதாக ஒரு தடையைக் கண்டு திகைத்து நிற்கிறது. அது ஆறன்று, அடுத்தவர் வீட்டு வாசல்!

வாசலுக்கு உரியவர் வருகிறார். மேடையிலே காட்ட வேண்டிய காட்சி, எழுதிக் காட்டுகிறேன்.

"என் வாசலில் எவர் வண்டி?"

"தெரு என்ன, உமது பாட்டன் சொத்தா?"

"உமது பாட்டன் சொத்தோ, இரவும் பகலும் நிறுத்தி வைக்க?"

இருவர் கேட்டதும் நியாயமான கேள்விதான். இருவர்க்கும் விடை ஒன்றே: இல்லை! வீட்டுப் பத்திரம் வாசற்படியோடு முடிகிறது. அதற்கப்பால் கருங்கல்லை நடுகிறவர், பூந்தொட்டியை அடுக்குகிறவர், சிமெண்டில் சரிவு கட்டுகிறவர், விடிய விடியக் காரை உறங்க வைக்கிறவர் அனைவரும் பொது நிலத்தில் கை வைத்தவர்களே. காய்கறி வண்டி தள்ளும் தாய்க்கும், தெருமுனையிலேயே நின்றுவிடும் 108 ஆம்புலன்சுக்காகக் காத்திருக்கும் நோயாளிக்கும் இந்த நாடகத்தில் வசனமே கிடையாது!

தெரு பொது என்னும் உரிமை எளிதில் வந்ததா? 1924-இல் வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய வீதிகளில் ஒடுக்கப்பட்டோர் நடக்கலாகாது என்ற தடையை எதிர்த்துப் பெரியார் சிறை புகுந்தார். அந்தக் கொடுமை வேறு. அதையும் இதையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் அன்று வென்றெடுத்த 'பொது' என்ற சொல்லுக்கு, வலுத்தவனுக்கு மட்டும் என்று பொருள் எழுத எவருக்கும் உரிமையில்லை.

ஐயாறப்பர் கோயில் தேரைப் பார். தேர் இழுப்பதில் என் கருத்தை நீ அறிவாய். அது வேறு வழக்கு. ஓடி முடித்த தேர் எவர் வாசலிலும் நிற்பதில்லை. நிலைக்குத் திரும்புகிறது! தேர் செய்தவன் நிலையையும் நினைத்தே செய்தான். கார் வாங்குகிறவனுக்கோ கடன் கிடைக்கிறது, பதிவெண் கிடைக்கிறது. எங்கே நிறுத்துவாய் என்று கேட்பார் இல்லை. ஜப்பான் 1962-இலேயே சட்டம் செய்தது. சாலைக்கு வெளியே இடம் உண்டென்று காட்டு, பிறகு காரைப் பதிவு செய் என்றது!

"சாலை வரி கட்டினேனே" என்பார். ஓடுவதற்குக் கட்டினார், உறங்குவதற்கன்று. ஒரு கார் நிற்க ஏறத்தாழ 135 சதுர அடி. அவ்வளவு இடத்திலே அடுப்பும் தூளியுமாய்க் குடித்தனம் நடத்துவோர் தஞ்சைத் தரணியில் உண்டு. நில மதிப்புக்கேற்ப நிறுத்தக் கட்டணம் வேண்டும் என்று, 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே கூறிற்று. ஏட்டில் ஏறியது, ஏட்டிலேயே நிற்கிறது!

தியாகராசர் ஆராதனைக்கு வரும் வெளியூர்க் கார்களைக் குறை கூறேன். ஐந்து நாளில் விருந்தினர் போய்விடுவர். எஞ்சிய நாளெல்லாம் தெருவை அடைப்பவர் நாம்.

நாம் என்றேன், நம் கொடி கட்டிய கார்களையும் சேர்த்தே சொன்னேன். கொடியைக் கண்டதும் காவலர் தயங்குகிறார். வீட்டுக்காரர் வாயை மூடிக்கொள்கிறார். அந்த அச்சத்தின்மேல் வண்டி நிறுத்தவா கொடி பிடித்தோம்?

ஊர் எல்லையில் பொது நிறுத்துமிடம் வேண்டும். இடம் காட்டாத காருக்குப் பதிவு கூடாது. அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வா. கூட்டத்திற்கு நடந்தே வா, தோழனே.