உளவியல் பட்டம்: ஏழாண்டுக் கணக்கு

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு 'சைக்காலஜிஸ்ட் சம்பளம் எவ்வளவு?' என்று கூகுளில் தேடும் பெற்றோருக்கு முதலில் கண்ணில் படும் தொகை பெரும்பாலும் மயக்கம் தருவதாகவே இருக்கும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் கணக்குப்படி, 2024-ல் அங்கே உளவியலாளரின் இடைநிலை ஆண்டு வருமானம் சுமார் 94 ஆயிரம் டாலர். கணக்கு பொய்யில்லை. ஆனால், அது உளவியலில் இளங்கலை முடித்தவரின் சம்பளம் அல்ல. அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் உளவியலாளராகத் தொழில் செய்ய உரிமம் வேண்டுமானால் முனைவர் பட்டம் வேண்டும். ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே உளவியலில் இளங்கலை முடிக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் மேற்படிப்புக்குப் போகிறார்கள். மற்றவர்கள் விற்பனையிலும் அலுவலகப் பணியிலும் கரைந்துவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டிலும் கதை இதேதான். பட்டத்துக்கு ஒரு விலை, தொழிலுக்கு ஒரு விலை. இரண்டையும் ஒன்றென்று காட்டித்தான் பல தனியார் கல்லூரிகள் சேர்க்கை நடத்துகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் இந்த இடைவெளி துலங்கும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ உளவியலாளர் யார் என்று வரையறுத்திருக்கிறது. முதுகலைக்கு மேல், இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். என்பதே இதுவரை அதற்கான முக்கிய வழி. மூன்றும் இரண்டும் இரண்டும் ஏழு. எம்.பி.பி.எஸ். படிப்பவர் ஐந்தரை ஆண்டில் பயிற்சி மருத்துவப் பணியையும் முடித்து வெளியே வந்துவிடுகிறார். உளவியலில் பாதிவழியில் நிற்பவருக்குச் சிகிச்சை அளிக்கும் தகுதி எதுவும் கிடையாது. எம்.ஃபில். இடங்களோ மிகக் குறைவு. ஒரு பேராசிரியர் இத்தனை பேருக்குத்தான் பயிற்சி அளிக்கலாம் என்ற வரம்பு இருப்பதால், நினைத்தபடி அவற்றைக் கூட்டவும் முடியாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற அரசு நிறுவனத்தில் இடம் கிடைத்தால் உதவித்தொகையோடு படிக்கலாம். தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் என்றால் லட்சக்கணக்கில் எடுத்துவைக்க வேண்டும்.

இந்தப் பாதையும் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. எம்.ஃபில். பட்டத்தைக் கைவிட்ட பல்கலைக்கழக மானியக் குழு, மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் விலக்கு அளித்து 2025-26 வரை நீட்டித்தது. மறுவாழ்வு கவுன்சில் நான்காண்டு ஹானர்ஸ் படிப்பு உள்ளிட்ட புதிய வழிகளை வகுத்துவருகிறது. 2025 ஜூலை பருவத்திலிருந்து தொலைநிலையிலும் இணையவழியிலும் உளவியல் நடத்தக் கூடாது என்றும் மானியக் குழு அறிவித்துவிட்டது. தரத்துக்கு அது நல்லதுதான். ஆனால், வேலை பார்த்துக்கொண்டே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ இக்னோவிலோ சில ஆயிரங்களில் முதுகலை முடித்தவர்களின் வழி அடைபட்டது. இனி அந்த இரண்டு ஆண்டுக்கும் கல்லூரிக் கட்டணத்தோடு, கைவிட்ட சம்பளத்தையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சரி, மூன்றாண்டோடு நிறுத்திக்கொள்பவருக்கு என்ன கிடைக்கும்? டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2, வங்கித் தேர்வு, குடிமைப் பணித் தேர்வு எல்லாவற்றுக்கும் 'ஏதேனும் ஒரு பட்டம்' போதும். அந்த வரிசையில் உளவியலும் நிற்கலாம், கூடுதல் மதிப்பு ஒன்றும் இல்லை. மனிதவளத் துறையில் கதவு திறக்கும், உள்ளே எம்.பி.ஏ. படித்தவர்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார்கள். ஆசிரியர் வேலை என்றால் நிலைமை இன்னும் மோசம். கணிதமோ வரலாறோ இயற்பியலோ படித்தவர் பி.எட். முடித்துப் பட்டதாரி ஆசிரியர் தேர்வு எழுதலாம். உளவியல் படித்தவருக்கு அந்த வழி இல்லை, ஏனென்றால் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை அது பாடமாகவே இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை 1943-லேயே தொடங்கிய மாநிலம் இது! கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். அதற்கு முதுகலையும் நெட் அல்லது செட் தேர்ச்சியும் வேண்டும்.

உளவியல் இளங்கலையில் காசாகக்கூடிய பகுதி ஒன்று உண்டு. மாணவர்கள் பலர் அஞ்சி ஒதுங்குவதும் அதைக் கண்டுதான்: புள்ளியியல், ஆய்வு முறையியல், வினாப்பட்டியல் தயாரித்தல், உளவியல் சோதனைகளை அளவிடுதல். இவற்றில் தேர்ந்து, கூடவே தரவுப் பகுப்பாய்வு மென்பொருள் ஒன்றையும் கற்றவர் சந்தை ஆய்வு நிறுவனத்துக்கும், செயலிகளைப் பயனர் எப்படிக் கையாள்கிறார் என்று ஆராயும் பணிக்கும் போக முடியும். ஃப்ராய்டைப் படிக்கும் ஆசையில் சேர்ந்த பிள்ளைக்கு இது ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆனால், மூன்றாம் ஆண்டு முடிவில் சம்பளம் தரக்கூடியது இதுதான்.

'நாட்டில் மனநல ஊழியர்களுக்கு இவ்வளவு பற்றாக்குறை இருக்கும்போது வேலை கிடைக்காமல் போகுமா?' என்று கல்லூரிக் கையேடுகள் கேட்கும். பற்றாக்குறை உண்மைதான். நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது மனநலப் பாதிப்பு இருந்ததாகச் சொன்னது. சிகிச்சை கிடைக்காதவர்களின் பங்கு, நோயைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் வரை. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 0.07 உளவியலாளர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதாவது, ஒரு கோடிப் பேருக்கு ஏழு பேர்!

ஆனால், தேவை வேறு, அந்தத் தேவைக்குப் பணம் கொடுப்பவர் வேறு. அரசுத் தரப்பில் மாவட்ட மனநலத் திட்டம் 1996 முதல் இருக்கிறது. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் ஆற்றுப்படுத்துநர்கள் இருக்கிறார்கள். நீட் முடிவு வரும் நாட்களில் மாணவர்களை அழைத்துப் பேச 104 சேவையும், எப்போதும் அழைக்க 14416 என்ற எண்ணும் இருக்கின்றன. இப்படிப்பட்ட பணிகள் பெரும்பாலும் ஒப்பந்தப் பணிகள், தொகுப்பூதியம். ஊதிய உயர்வுக்கும் ஓய்வூதியத்துக்கும் உத்தரவாதம் இல்லை. தனியாரிடம் போனால் சென்னையில் ஓர் அமர்வுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கேட்பது சாதாரணம். அதைக் கொடுக்கக்கூடிய குடும்பங்கள் எத்தனை? காப்பீட்டில் மனநோயையும் சேர்க்க வேண்டும் என்று 2017 சட்டம் சொன்னாலும், பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான் பணம் தருகின்றன. வாரம் ஒருமுறை வந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவதற்கு அநேகமாகத் தருவதில்லை. பற்றாக்குறை இருந்தும் சம்பளம் ஏறாததற்குக் காரணம் இதுதான்.

இந்த இடைவெளியில்தான் ஆறு வாரத்தில் 'கவுன்சிலர்' ஆக்கிவிடுவதாகச் சொல்லும் சான்றிதழ் வியாபாரம் முளைக்கிறது. 1992-ஆம் ஆண்டின் மறுவாழ்வு கவுன்சில் சட்டம், பதிவு பெறாமல் மருத்துவ உளவியலாளராகத் தொழில் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. இன்றைய விலைவாசியில் அந்த அபராதம் ஓர் அமர்வின் கட்டணம்.

ஆக, மூன்றாண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பது தவறு. இளங்கலையை மலிவாக முடித்து, சேமித்ததை முதுகலைக்கும் அதற்குப் பிந்தைய பயிற்சிக்கும் வைத்துக்கொள்வதே பணக் கணக்கில் சரியான வழி. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரியில் கட்டணம் ஆயிரங்களில் முடிந்துவிடுகிறது. அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வீதம் மூன்றாண்டில் 36 ஆயிரம் ரூபாய் கிடைக்கும். மாணவனுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. அதே பட்டத்துக்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கடன் வாங்கிக் கட்டுவது, முதல் வேலை தரும் சம்பளத்தால் நியாயப்படுத்த முடியாத செலவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உளவியல் வகுப்புகளில் பெரும்பாலோர் பெண்கள். 'கல்யாணம் வரைக்கும் ஏதோ ஒரு டிகிரி' என்று சேர்த்துவிட்டு, மூன்றாம் ஆண்டு முடிவில் வரன் பார்க்கத் தொடங்கும் வீடுகளில் இந்தப் பட்டம் அநேகமாக நஷ்டக் கணக்கில்தான் முடியும். பாடத்தின் மீது பழி போடுவதில் பொருளில்லை. ஏழாண்டுப் பயணத்துக்கு மூன்றாண்டு டிக்கெட் எடுத்தால் அப்படித்தான்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆற்றுப்படுத்துநர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் தந்தது. தமிழக அரசு இதைக் காலமுறை ஊதியம் கொண்ட நிரந்தரப் பணியிடங்களாக அறிவித்தால் உளவியல் பட்டத்தின் விலை அந்த ஆண்டே மாறும். மற்றுமொரு தொகுப்பூதியப் பணியாகவோ, இருக்கிற ஆசிரியருக்கே மூன்று நாள் பயிற்சி கொடுத்துக் கூடுதல் பொறுப்பாகவோ முடித்துவிட்டால், இப்போது போடும் கணக்கையே அடுத்த பிளஸ் டூ தலைமுறையும் போட வேண்டியிருக்கும்.