ஒயர் நுழைந்தால் போதுமா?

சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்ச் சாமான்களை வாங்கி வந்து, வீட்டிலேயே கம்ப்யூட்டர் பூட்டுகிற இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அவர்களிடம் ஒரு தப்பான எண்ணமும் இருக்கிறது. "ஒயர் நுழைந்துவிட்டால் சரி" என்று நினைக்கிறார்கள்.

அது சரி அல்ல!

கம்ப்யூட்டருக்குள் "பவர் சப்ளை" என்று ஒரு பெட்டி உண்டு. வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதை 12, 5, 3.3 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுப்பது இந்தப் பெட்டி. இதிலிருந்துதான் "மதர்போர்டு" என்னும் தாய்ப் பலகைக்கு ஒயர்கள் போகின்றன.

அண்ணன் தம்பி

பலகையின் ஓரத்தில் 24 துளை உள்ள பெரிய பிளக். இதில் குழப்பம் இல்லை. மேல் மூலையில் பிராசசருக்கு 8 துளை பிளக். அநேகமாக இது 4, 4 ஆகப் பிரியும். இதைச் செருக மறந்தால் விசிறி சுற்றும். திரையில் படம் வராது. "போர்டு போய்விட்டது!" என்று கடைக்கு ஓடுகிறவர்கள் உண்டு.

கிராபிக்ஸ் கார்டுக்கும் 8 துளை பிளக் இருக்கிறது. அது 6, 2 ஆகப் பிரியும். பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். குணமோ நேர் எதிர்! ஒன்றில் 12 வோல்ட் வரும் வரிசையில், மற்றதில் மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி இருக்கிறது. மாறிவிடக் கூடாது என்றுதான் துளைகளின் வடிவத்தையே வேறு வேறாகச் செய்திருக்கிறார்கள். இறுக்கினால் நிறுத்துங்கள். கை பலத்தைக் காட்டாதீர்கள்.

யார் குற்றம்?

1995-ல் இன்டெல் கம்பெனி ஏ.டி.எக்ஸ். என்ற முறையைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு பலகைக்கு இரண்டு பிளக்குகள். கறுப்புக் கம்பிகள் நடுவில் சேர வேண்டும். மாற்றிச் செருகினால் பலகை புகைந்துவிடும். புது முறை அந்தப் பயத்தைப் போக்கியது.

இப்போது வேறு வம்பு வந்திருக்கிறது. பெட்டியிலிருந்து கழற்றி மாட்டும் ஒயர்கள்! பலகைப் பக்கத்து முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான். பெட்டிப் பக்கத்து முனைக்கோ பொது விதி இல்லை. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே வித்தியாசம் இருக்கலாம். பழைய ஒயர் புதுப் பெட்டியில் அழகாக நுழையும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் பாயும். ஹார்டு டிஸ்க் கருகும். அதிலிருந்த கல்யாணப் படங்களை எந்தக் கடையில் வாங்குவது?

வாங்குகிறவனை மட்டும் குற்றம் சொல்வது நியாயமா? ஒரு முனைக்கு ஒப்புக்கொண்ட கம்பெனிகள், மறு முனைக்கும் ஒப்புக்கொண்டால் என்ன? முன்பு 12 வோல்ட் மஞ்சள், 5 வோல்ட் சிவப்பு என்று நிறமாவது இருந்தது. இன்று பல பெட்டிகளில் எல்லாமே கறுப்பு. அழகாம்!

கம்பெனிகள் திருந்தும்வரை, பெட்டியை மாற்றினால் ஒயர்களையும் சேர்த்தே மாற்றுங்கள். கழற்றிய ஒயர்களைப் பழைய பெட்டியோடு கட்டி வையுங்கள். ஒயர் இல்லாத பழைய பெட்டி மலிவாகக் கிடைத்தால், அதை வாங்க வேண்டாம்.