குழந்தைக்கு அடிக்கடி காய்ச்சலா? ஊசிக்கு முன்னால் நோட்டைத் தேடுங்கள்!

கல்வராயன் மலையில் குழந்தைக்கு உடம்பு சுட்டால், "கண்ணு பட்டிருக்கும்" என்று வேப்பிலை அடிக்கும் வீடுகள் இன்னும் உண்டு. கள்ளக்குறிச்சி டவுனில் மட்டும் என்ன வாழ்கிறது? மெடிக்கல் ஷாப்பில் "காய்ச்சலுக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டு வாங்குகிறார்கள்.

அதிலும் குறையவில்லை என்றால் மலைத்தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்சில் கச்சிராயபாளையம் இறங்குகிறாள். "ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர், மறுபடி வர முடியாது" என்கிறாள். ஊசி போடப்படுகிறது. மூன்று வாரம் கழித்து மறுபடி காய்ச்சல்! வேறு டாக்டர், வேறு ஊசி. பழைய சீட்டு எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

கேட்காததுதான் கோளாறு.

எல்லாம் ஒரே காய்ச்சலா?

5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வருஷத்தில் 6, 8 தடவை சளிக்காய்ச்சல் வருவது சகஜம். இதற்குப் பயப்பட வேண்டாம்.

சளி, இருமல் எதுவும் இல்லாமல் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால் சிறுநீரைச் சோதிக்க வேண்டும். சிறுநீர்த் தொற்றைக் கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தில் தழும்பு விழக்கூடும்.

குளிர் நடுக்கத்தோடு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தால் ரத்தம் பார்க்க வேண்டும். பழைய ஆட்கள் முறைக்காய்ச்சல் என்று சொன்னது பெரும்பாலும் மலேரியாதான். தமிழ்நாட்டில் அது வெகுவாகக் குறைந்து விட்டது. ஆனாலும் வேலைக்காக வெளிமாநிலம் போய் வந்த குடும்பம் அதை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். வைவாக்ஸ் என்ற மலேரியா கிருமி ஈரலில் ஒளிந்து கிடந்து, சில மாதம் கழித்துக்கூட எழும்பும். அதை வேரறுக்க டாக்டர் 14 நாள் மாத்திரை கொடுத்தால் 14 நாளும் கொடுக்க வேண்டும். காய்ச்சல் விட்டது என்று மூன்றாம் நாளே நிறுத்தினால் கிருமிதான் ஜெயிக்கும்!

புதர்க்காட்டுப் பக்கம் உண்ணிக்காய்ச்சலையும் மறக்கக் கூடாது. அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்புறம் ஆகிய இடங்களில் சிகரெட் சுட்டது போல் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பென்சிலின் இதற்குக் கேட்காது. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் போன்ற மருந்துக்குத்தான் கேட்கும்.

கெடு வைத்து வரும் காய்ச்சல்

இன்னொரு வகை உண்டு. 3 முதல் 6 வாரத்துக்கு ஒரு தடவை, கடன்காரன் போல நாள் தவறாமல் வரும். தொண்டை சிவக்கும். வாயில் புண் வரும். கழுத்தில் நெறி கட்டும். நாலைந்து நாளில் தானாகப் போய் விடும். இடைப்பட்ட நாளில் குழந்தை ஓடி விளையாடும், எடையும் ஏறும்.

1987-ல் அமெரிக்க டாக்டர்கள் இதை விவரித்து எழுதினார்கள். பி.எப்.ஏ.பி.ஏ. என்று பெயர். இது தொற்றுநோய் அல்ல. கிருமிக்கொல்லி ஊசியால் பயனும் இல்லை. தானாகப் போகிற காய்ச்சலுக்கு ஊசி பேர் வாங்கிக் கொள்கிறது, அவ்வளவுதான்! மற்ற நோய் இல்லை என்று உறுதியான பிறகு டாக்டர் ஒரு வேளை ஸ்டீராய்டு கொடுத்தால் காய்ச்சல் பெரும்பாலும் சட்டென்று அடங்கும். பல குழந்தைகளுக்கு வளர வளர விட்டுப் போகும்.

இதை ஒரே ரத்தச் சோதனையில் கண்டுபிடித்து விட முடியாது. தாய் சொல்லும் தேதிக் கணக்குதான் முக்கிய சாட்சி.

பத்து ரூபாய் நோட்டு

ஆகவே ஒரு நோட்டு வேண்டும். காய்ச்சல் வந்த தேதி, விட்ட தேதி, எத்தனை டிகிரி, என்ன மருந்து, இடைப்பட்ட நாளில் குழந்தை எப்படி இருந்தது, இவ்வளவும் எழுத வேண்டும். தாய்க்கு எழுதத் தெரியாவிட்டால் அங்கன்வாடி டீச்சர் எழுதட்டும்.

பாராசிட்டமால் எடைக்கு ஏற்றபடிதான். கிலோவுக்கு 15 மில்லிகிராம் ஒரு வேளைக்கு. 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம். சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே வீரியம் அல்ல, மாற்றி ஊற்றினால் ஆபத்து. நிமெசுலைடை 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2011-லேயே மத்திய அரசு தடை போட்டு விட்டது.

3 மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 100.4 டிகிரி வந்தாலே ஆஸ்பத்திரிதான். வலிப்பு, மூச்சு வாங்குதல், பால் குடிக்காமை, மயக்கம் வந்தால் எந்த வயதானாலும் நோட்டு, வேப்பிலை எதற்கும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

மலை ஏறட்டும் சோதனை

கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டம் ஆனது. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. நல்லது. ஆனால் அது இருப்பது மலைக்குக் கீழே! விஷச்சாராய சாவுகளுக்குப் பிறகு, 2024 ஜூலையில் ஐகோர்ட்டே கல்வராயன் மலை மக்களின் நிலை பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது.

பெரிய கட்டடம் யாரும் கேட்கவில்லை. மலையில் உள்ள ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காய்ச்சல் அடிக்கும் நாளிலேயே ரத்தமும் சிறுநீரும் பார்க்க வசதி வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் தடுப்பூசி அட்டையோடு ஒரு காய்ச்சல் அட்டை வேண்டும். மாதம் ஒரு நாள் குழந்தை டாக்டர் வெள்ளிமலைக்கு ஏறி வந்து அந்த அட்டைகளைப் பார்க்க வேண்டும்.

பிள்ளையைச் சுமந்துகொண்டு தாய் எத்தனை தடவைதான் மலை இறங்குவாள்? ஒரு தடவை டாக்டர் ஏறட்டுமே!