சிறுதேர் செய்யும் கரங்கள்

பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்கிக் கொடுப்பது எளிது. அவர்களோடு அமர்ந்து ஒன்றைச் செய்து முடிப்பது அரிது. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் அத்தாவின் பெட்டியில் மின்கலத்தால் ஓடும் கார் ஒன்று தவறாமல் இருக்கும். பிள்ளை துள்ளிக் குதிப்பான். மின்கலம் தீர்ந்ததும் கார் பரணுக்குப் போகும். விடுப்புத் தீர்ந்ததும் அத்தா விமானம் ஏறுவார். தந்தையும் மகனும் சேர்ந்து செய்தது என்று சொல்லிக்கொள்ள அவ்வீட்டில் மிஞ்சுவது என்ன? இம்மாதம் இதனைச் சற்றே சிந்திப்போம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மன்ஹாட்டன் பீச் என்றொரு கடற்கரை ஊர். அங்கே சாரணர் இயக்கத்தின் குருளையர் அணி ஒன்றை நடத்தி வந்தவர் டான் மர்பி. சிறுவர்கள் தாமே ஏறி ஓட்டும் பெரிய பந்தய வண்டிப் போட்டியில் சேர அவருடைய பத்து வயது மகனுக்கு வயது போதவில்லை. அந்த ஏமாற்றத்தைக் கண்ட தந்தை, கையடக்கமான மர வண்டிகளைச் செய்து சரிவுப் பாதையில் ஓடவிடும் போட்டியை வகுத்தார். 1953 மே 15 அன்று முதல் பந்தயம் நடந்தது. பைன் மரக்கட்டை ஒன்று, சக்கரங்கள் நான்கு, அச்சுக்கு ஆணிகள் நான்கு, இவ்வளவே மூலப்பொருள். இன்றைய வழக்கில் கட்டையின் நீளம் ஏழு அங்குலம். வண்டியின் எடை ஐந்து அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 142 கிராமைத் தாண்டலாகாது. தந்தையும் மகனும் நெருங்க வேண்டும் என்பதே மர்பியின் நோக்கம். ஆயினும் வெற்றியில் வேட்கை கொண்ட தந்தையர் சிலர், பிள்ளையை ஓரமாக உட்காரவைத்துவிட்டு வண்டி முழுவதையும் தாமே செய்துவிடுவதுண்டு. அதனால் பெரியவர்களுக்கெனத் தனிப் பந்தயம் வைத்துவிடும் அணிகளும் உள்ளன!

இது நமக்குப் புதிய செய்தியன்று. நெய்தல் நிலத்துப் பிள்ளைகள் குதிரையின்றி உருட்டிய மூன்று கால் சிறுதேரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. தச்சன் செய்து தந்த சிறு வண்டியில் ஏறிச் செல்ல இயலாவிடினும், அதைக் கையால் இழுத்தே இன்புறும் சிறுவரைக் குறுந்தொகை காட்டுகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவத்திற்கே சிறுதேர் என்பதுதான் பெயர்.

நமது மரக்காணத்தில் கோடை பிறந்தால் நுங்கு வண்டி ஓடும். நுங்கு தின்ற கூந்தல் இரண்டு, அவற்றை இணைக்கும் குச்சி, தள்ளுவதற்கு ஒரு கவைக் கம்பு. காசு செலவில்லை. ஆனால் பள்ளி விடுமுறையும் உப்பு வாரும் மும்முரமும் ஒரே காலத்தில் வருகின்றன. வெயில் ஏறுமுன் பாத்திக்குச் செல்லும் தாய் தந்தையர் களைத்துத் திரும்புகிறார்கள். பிள்ளைக்கு மிஞ்சுவது வீட்டிலிருக்கும் நன்னாவும் நன்னியும்தான்.

எங்கள் மதரஸாவில் ஓதும் சிறுவன் ஒருவன் அண்மையில் பூவரசங்கட்டையில் ஒரு கார் செய்தான். ரம்பத்தைப் பிடித்தவர் அவனுடைய நன்னா; உப்புத்தாள் கொண்டு தேய்த்தவன் அவன். பலகைச் சரிவில் விட்டபோது கார் இடப்பக்கமே சாய்ந்து ஓடியது. முதியவர் தச்சு வேலை அறிந்தவர். ஒரு நொடியில் சரிசெய்திருப்பார். செய்யவில்லை. "ஏன் சாயுது, நீயே பாரு வாப்பா" என்று மட்டும் கூறிவிட்டுத் திண்ணையில் அமர்ந்துகொண்டார். அச்சுத் துளை கோணலாக இருந்ததைக் கண்டுபிடிக்கச் சிறுவனுக்கு இரண்டு நாட்கள் ஆயின. மூன்றாம் நாள் கைப்பேசியில் அழைத்த தந்தையிடம், நேரே ஓடிய காரைப் பற்றியல்ல, கோணல் துளையைப் பற்றியே நெடுநேரம் பேசினானாம். கடல் கடந்திருந்த தந்தையும் அன்று அந்த வேலையில் பங்குகொண்டார் அல்லவா?

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். இக்காரின் இரகசியமும் அச்சில்தான் உள்ளது. அச்சு வழவழப்பாகவும் இரண்டு அச்சுகளும் ஒன்றுக்கொன்று இணையாகவும் இருக்க வேண்டும். பென்சில் கரியைப் பொடித்து இட்டால் உராய்வு குறையும். எடையைப் பின்பக்கம் வைத்தால், சரிவின் உச்சியில் அந்த எடை சற்று உயரத்தில் நிற்கும். கூடுதலாக இறங்கும் அந்த உயரமே கூடுதல் வேகமாகிறது. பாடநூலில் நிலையாற்றல், இயக்க ஆற்றல் என்று மனனம் செய்வதைப் பிள்ளை இங்கே கையால் அறிகிறான்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொருள்களிடையே, துணியாலான இரு சிறகுகளுடன் ஒரு குதிரை இருந்தது. குதிரைக்குச் சிறகா என்று நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்தனவே என்று பதில் வந்தபோது கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள் என அபூதாவூத் நூலில் காண்கிறோம். பிள்ளையின் கைப்பொருளைக் குறித்து வினவுவதும், அதன் கற்பனையைக் கேட்டு மகிழ்வதும் எத்துணை உயர்ந்த பண்பு!

பெற்றோரே, பெரியோரே! வாளும் உளியும் உங்கள் கையில் இருக்கட்டும். தேய்ப்பதும் பூட்டுவதும் வண்ணம் தீட்டுவதும் பிள்ளையின் கையில் இருக்கட்டும். மகனோடு மகளையும் அமர்த்துங்கள். வண்ணம் வாங்கும்போது ஈயம் கலவாததா எனப் பார்த்து வாங்குங்கள். வேலை கோணலாக வந்தால் பொறுத்திருங்கள். பிள்ளை தோற்றாலும் கவலை வேண்டா. தான் செய்த வண்டியில் தோற்றவன் அதைக் கழற்றிப் பார்ப்பான், பிறர் செய்து தந்த வண்டியில் தோற்றவன் அதை எறிந்துவிடுவான். வரும் விடுமுறையில் ஒரு மரக்கட்டையும் நான்கு ஆணிகளும் தேடி வையுங்கள்.