பத்துப் பொருத்தமும் ஒரு டெஸ்ட் ட்யூபும்

ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சிவகாசிப் பக்கம் ஆனைக்குட்டம். இருபத்திரண்டு வயசு. பட்டாசு ஆலையில் எண்ணிக்கைக் கூலி. முழுகாமல் இருக்கிறாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்து, 'ஹீமோகுளோபின் 9' என்று அட்டையில் எழுதி, இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். அடுத்த மாசமும் 9. அதற்கடுத்த மாசமும் 9. "மாத்திரையை முழுங்குறியா, இல்ல கூரை மேல வீசுறியா?" என்று அதட்டல் விழுகிறது. வீட்டுக்கு வந்தால் மாமியார் வேறு: "முருங்கைக் கீரை ஆஞ்சு வச்சா தொடவே மாட்டேங்குறா!"

அவள் மாத்திரையும் முழுங்கினாள், கீரையும் தின்றாள். திட்டு மட்டும் மிச்சம்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு. பலருக்கும் இரும்புச் சத்துக் குறைவுதான் காரணம். அவர்களுக்கு மாத்திரை வேண்டும், நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிறோமே, எப்படிப்பட்ட ரத்தம் என்று யாராவது பார்க்கிறோமா? ஆனைக்குட்டம் அணையின் ஷட்டர் ஒழுகுகிறது என்று எத்தனை தடவை பேப்பரில் படித்திருப்போம். ஷட்டரைப் பார்க்காமல் மழை போதவில்லை என்று வானத்தைத் திட்டினால் எப்படி?

விஷயம் இதுதான். ஹீமோகுளோபின் என்பது ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகைப் புரதச் சங்கிலிகள் சேர்ந்தது. பீட்டா சங்கிலியைச் செய்யச் சொல்லும் மரபணுவில் கோளாறு இருந்தால் அது போதுமான அளவு உற்பத்தியாகாது. அதுதான் தலசீமியா. சங்கிலியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிப்போனால் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துகொள்ளும். அது சிக்கிள் செல். அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் கோளாறு வந்திருந்தால் ஆள் நன்றாகத்தான் இருப்பார்; கொஞ்சம் சோகை, அவ்வளவுதான். இப்படிப்பட்ட இரண்டு பேர் கல்யாணம் செய்துகொண்டால்தான் ஆபத்து. ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, பிள்ளைக்கு நோய் முழுசாக வர.

அந்தப் பிள்ளையின் கதி என்ன? தலசீமியா முற்றிய வகையென்றால் இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றுகிற ரத்தத்தோடு இரும்பும் உள்ளே போய் இதயத்திலும் ஈரலிலும் படியும். அதை வெளியேற்ற ஆயுசு பூராவும் தனி மருந்து. தாய்க்கு இரும்பு போதாது என்று பார்த்துப் பார்த்து ஊட்டிய அதே குடும்பம், பிள்ளை உடம்பிலிருந்து இரும்பை எடுக்க அலைகிறது! எண்ணிக்கைக் கூலிக்காரிக்கு மாசம் இரண்டு நாள் ஆஸ்பத்திரி என்றால் அன்றைக்குச் சம்பளம் கிடையாது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை உண்டுதான், வேலூர் சி.எம்.சி.யில் 1986-லேயே செய்தார்கள். ஆனால் பொருந்துகிற ஆளும் வேண்டும், லட்சக்கணக்கில் பணமும் வேண்டும்.

'இதெல்லாம் மலைவாசிகளுக்கு வருகிற நோயாச்சே' என்பீர்கள். இந்த நினைப்புதான் வம்பு. 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் சிக்கிள் செல்லைக் கண்டு எழுதினார்கள். 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டமும் பழங்குடிப் பகுதிகளில் ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பதைத்தான் இலக்காக வைத்தது. நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் தலசீமியா அடிவாரத்தோடு நின்றுவிடவில்லை. அதைச் சுமப்பவர்கள் இந்தியாவில் நூற்றுக்கு மூன்று, நாலு பேர் என்று மதிப்பிடுகிறார்கள். சமவெளியில் இருப்பவனுக்கு மட்டும் விலக்கு என்று மரபணுவுக்கு யார் சொன்னது?

நம்மூரிலோ மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று உறவுக்குள்ளேயே முடிக்கிற வழக்கம். சொத்து வெளியே போகாது, சண்டை வந்தாலும் வீட்டோடு போகும், எல்லாம் சரி. ஒரே தாத்தாவிடமிருந்து வந்த கோளாறு இரண்டு பக்கமும் இருக்கக்கூடுமே, அதை யார் பார்ப்பது? ஜோசியர் பத்துப் பொருத்தம் பார்க்கிறார். நாடிப் பொருத்தம்கூடப் பார்க்கிறார், நாடியில் ஓடுகிற ரத்தத்தை விட்டுவிட்டு!

செலவு அதிகம் என்கிறீர்களா? முதல் கட்டத்துக்கு மெஷினே வேண்டாம். 'நெஸ்ட்ராஃப்ட்' என்று ஒரு சோதனை. 0.36 சதவீத உப்புக் கரைசலில் ஒரு சொட்டு ரத்தம் விட்டு அரைமணி வைக்க வேண்டும். வெள்ளைத் தாளில் ஒரு கறுப்புக் கோடு போட்டு, ட்யூபை அதற்கு முன்னால் பிடித்துப் பார்க்க வேண்டும். கோடு பளிச்சென்று தெரிந்தால் பயமில்லை. மங்கலாகத் தெரிந்தாலோ, தெரியவே இல்லையென்றாலோ எச்.பி.எல்.சி. என்ற பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அதில் ஏ2 என்ற வகை ஹீமோகுளோபின் கூடியிருக்கிறதா என்று எண்ணோடு தெரிந்துவிடும். ஒரு நல்ல தீபாவளி கிஃப்ட் பாக்ஸ் விலைக்குள் முடியக்கூடிய காரியம், அதுவும் வாழ்நாளில் ஒரு தடவை. கர்ப்பிணிகளுக்கு ஆரம்பத்திலேயே இதைச் செய்யச் சொல்லி மத்திய சுகாதார அமைச்சகம் 2016-லேயே வழிகாட்டு நெறி வெளியிட்டது. உங்கள் வீட்டில் எத்தனை பெண்களுக்குச் செய்தார்கள், கேட்டுப் பாருங்கள்.

பயம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். 'ரத்தத்துல கோளாறு' என்று பெண் பெயர் கெட்டுப்போகும், வரன் தட்டிப்போகும். அதனால்தான் பெண்ணை மட்டும் சோதிப்பதை நான் ஒப்பமாட்டேன். மாப்பிள்ளையையும் உட்கார வையுங்கள். கோளாறை ஆணும் சரிபாதி சுமக்கிறான். முடிவை ஊருக்குச் சொல்ல வேண்டாம், சம்பந்தப்பட்ட இரண்டு பேருக்குச் சொன்னால் போதும். சைப்ரஸ் நாட்டில் கல்யாணத்துக்கு முன்னால் இந்தச் சான்றிதழை தேவாலயமே கேட்டது. கல்யாணத்தைத் தடுக்கவில்லை, தெரிந்து செய்துகொள்ளச் சொன்னது. அங்கே நோயோடு பிறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய இல்லாமலே போனார்கள்.

அடுத்த தடவை யாராவது உங்கள் வீட்டுப் பெண்ணிடம் 'மாத்திரை முழுங்கலையா' என்று கேட்டால், ரத்தப் பரிசோதனைச் சீட்டை வாங்கிப் பாருங்கள். எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும். 80-க்குக் கீழே இருந்து, சிவப்பணு எண்ணிக்கை மட்டும் குறையாமல் இருந்தால், அங்கேயே டாக்டரிடம் கேளுங்கள்: "சார், எச்.பி.எல்.சி. எப்போ எடுக்கிறது? புருஷனையும் கூட்டிட்டு வரட்டுமா?"