மகளுடன் ஒரு நாள்... டவுன் பஸ்ஸில் கோவை வேளாண் பல்கலைக்கழகம்!

''என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பி.எஸ்ஸி., விவசாயம்தான் படிப்பேன் என்கிறாள். 'கோயம்புத்தூர் அவ்வளவு தூரம், புது ஊர், தனியாக எப்படிப் போய் வருவாள்?' என்று அவள் அப்பா தயங்குகிறார். எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பல்கலைக்கழகத்தைப் பார்த்ததில்லை. கார் வைத்துப் போக வசதி இல்லை. பஸ்ஸிலேயே போய், ஒரே நாளில் பார்த்துவிட்டு வர முடியுமா? எங்கள் வாழையில் வாடல் இருக்கிறது. அதையும் அங்கே காட்டலாமா?''

- வாசகி ஒருவர், குளித்தலை, கரூர் மாவட்டம்.

தாராளமாக முடியும். தயங்குகிறவர் அப்பா என்றால், கட்டாயம் கூட வர வேண்டியவரும் அவர்தான். அம்மாவும் மகளும் மட்டும் பார்த்துவிட்டு வந்து சொன்னால் அவருடைய பயம் பாதிதான் குறையும்.

வேலை நாளாகப் பார்த்துக் கிளம்ப வேண்டும். சனி, ஞாயிறுகளில் போனால் மரத்தையும் கட்டடத்தையும் பார்க்கலாம். பேச ஆள் கிடைக்காது. கிருத்திகை, சஷ்டி, தைப்பூசம் போன்ற நாள்களையும் தவிர்ப்பது நல்லது. பல்கலைக்கழகம் இருப்பது மருதமலை போகும் சாலையில். அந்த நாள்களில் முருகனைப் பார்க்கப் போகும் கூட்டத்தில் பஸ்ஸுக்குள் கால் வைக்க முடியாது.

கரூர் வந்து, அங்கிருந்து காங்கேயம், பல்லடம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால் சிங்காநல்லூர் பேருந்து நிலையத்தில் இறக்கிவிடுவார்கள். கோவையில் ஒரே பேருந்து நிலையம் என்று நினைத்துக் குழம்பக் கூடாது. திருச்சி, கரூர், மதுரை பக்கத்துப் பஸ்கள் சிங்காநல்லூர். பொள்ளாச்சி, பாலக்காடு பக்கம் உக்கடம். திருப்பூர், ஈரோடு, சேலம் பக்கம் காந்திபுரம். மேட்டுப்பாளையம், ஊட்டி பக்கம் மேட்டுப்பாளையம் சாலை. மகள் முதலில் மனதில் வாங்க வேண்டியது இதைத்தான். பின்னால் விடுதியிலிருந்து ஊருக்குக் கிளம்பும்போது, மூட்டை முடிச்சுடன் தவறான நிலையத்தில் போய் நிற்காமல் இருக்கலாம்.

விடியற்காலையில் கிளம்பினால் பத்து மணிவாக்கில் சிங்காநல்லூரில் இருக்கலாம். அங்கிருந்து காந்திபுரத்துக்கு டவுன் பஸ்கள் வந்துகொண்டே இருக்கும். காந்திபுரம் நகரப் பேருந்து நிலையத்தில் மருதமலை போகும் 70-ம் நம்பர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்களில் 2021-ம் ஆண்டிலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே, டவுனுக்குள் டிக்கெட் எடுக்க வேண்டியவர் அப்பா ஒருவர்தான். ஆனால், கோவையில் தனியார் டவுன் பஸ்களும் நிறைய ஓடுகின்றன. அவற்றிலும், சொகுசுப் பஸ்களிலும் பெண்களும் காசு கொடுத்தாக வேண்டும். அதனால் ஏறும் முன்பே பலகையைப் பார்த்து, நடத்துநரிடம் கேட்டுவிட்டு ஏறுவது நல்லது. இந்தக் கேள்வியை மகளே கேட்கட்டும். எங்கே இறங்குவது, திரும்பும் பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்பதையும் அவளே விசாரிக்கட்டும். அப்பா பின்னால் நின்றால் போதும். 'தனியாக எப்படிப் போய் வருவாள்?' என்ற கேள்விக்கான பதில் பல்கலைக்கழகத்துக்குள் இல்லை. அந்த டவுன் பஸ்ஸில்தான் இருக்கிறது.

மருதமலைச் சாலையை ஒரு படிப்புச் சாலை என்றே சொல்லலாம். வேளாண் பல்கலைக்கழகம், அதையொட்டிக் கரும்பு இனப்பெருக்கு நிறுவனம், வடவள்ளியைத் தாண்டினால் அரசு சட்டக் கல்லூரி, பாரதியார் பல்கலைக்கழகம் என்று வரிசையாக வரும். காலேஜ் நேரத்தில் அந்தப் பஸ்ஸில் பாதிப் பேர் புத்தகப் பையோடு வரும் பிள்ளைகள்தான். வெளியூரிலிருந்து வந்து படிக்கிறவர்களும் அதில் இருப்பார்கள். அப்பா அதைக் கண்ணால் பார்ப்பது, பத்துப் பேர் சொல்லிக் கேட்பதைவிட மேல்.

பல்கலைக்கழகத்தின் கதை சென்னை சைதாப்பேட்டையில் தொடங்குகிறது. அங்கே 1868-ல் ஒரு வேளாண் பள்ளி ஆரம்பிக்கப்பட்டது. அது 1906-ல் கோவைக்கு மாறியது. 1971-ல் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் ஆனது. உழவர்கள் வாயில் தினமும் புழங்கும் 'கோ' என்ற எழுத்து இந்த ஊரின் பெயர்தான். கோ-51 நெல்லும், மாட்டுக்கு வெட்டிப் போடும் கோ-4 கம்பு நேப்பியர் புல்லும் இந்தப் பல்கலைக்கழகம் கொடுத்தவை. கரும்பில் வரும் கோ-86032-ல் உள்ள 'கோ'வும் கோயம்புத்தூரைத்தான் குறிக்கிறது. ஆனால், அதைக் கொடுத்தது பக்கத்து வளாகம். அந்தக் கரும்பு நிறுவனம் 1912-ல் தொடங்கியது. வயல் கரும்பையும், நாணல் போல வளரும் காட்டுக் கரும்பையும் இணைத்து உருவாக்கிய கோ-205 ரகத்தை 1918-ல் வெளியிட்டது அதுதான். வட இந்தியாவின் கரும்புச் சாகுபடியையே மாற்றிய ரகம் அது. இந்த விஷயங்களைப் பஸ்ஸில் போகும்போதே மகளுக்குச் சொல்லிவிட்டால், ஜன்னல் வழியே தெரியும் சோதனை வயல்களை அவள் வேறு கண்ணோடு பார்ப்பாள். கரும்பு நிறுவனத்துக்குள் போய்ப் பார்க்க விரும்பினால், முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கிக்கொள்வது நல்லது.

உள்ளே போனதும் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று அலையக் கூடாது. பெரிய வளாகம்; வெயிலில் கால் ஓய்ந்துவிடும். முதலில் மாணவர் சேர்க்கை பற்றி நேரில் விசாரித்துவிட வேண்டும். பல்கலைக்கழகத்துக்குக் கோவையில் மட்டுமல்ல, திருச்சி உட்படப் பல ஊர்களில் கல்லூரிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் சேர்த்தே கலந்தாய்வு நடக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் அடிப்படை. ஆகவே, மகளுக்குக் கோவையே கிடைக்கலாம், திருச்சியும் கிடைக்கலாம். 'கோயம்புத்தூர் என்றால் வேண்டாம்' என்று விண்ணப்பமே போடாமல் விடுவதுதான் நஷ்டம். படிப்பு நான்கு ஆண்டுகள். பெண்களுக்கு வளாகத்துக்குள்ளேயே விடுதி இருக்கிறது. விடுதிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் முறை, பார்வையாளர் நேரம் என்று அம்மாவின் மனதில் இருக்கும் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. நேரில் நிற்கும்போது பாதி மறந்துவிடும்.

அடுத்து, 2018-ல் திறக்கப்பட்ட பூச்சி அருங்காட்சியகம். இதை மட்டும் தவறவிடக் கூடாது. வயலில் பார்த்ததும் மருந்தைத் தேடும் நாம், பயிரைத் தின்னும் பூச்சி எது, அந்தப் பூச்சியைத் தின்னும் பூச்சி எது என்று நின்று பார்க்க நல்ல இடம் அது. படிக்கப் போகிற மகளைவிட அப்பாவுக்கு அங்கே அதிக நேரம் ஆகலாம். பார்வை நேரத்தையும் விடுமுறை நாளையும் கிளம்புவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். தாவரவியல் பூங்காவும் இருக்கிறது. கட்டுச்சோறு கொண்டு போனால் மதியச் செலவு மிச்சம். காளான், தேனீ வளர்ப்புக்கு மாதந்தோறும் ஒரு நாள் பயிற்சிகள் நடப்பது வழக்கம். அம்மாவுக்கு ஆர்வமிருந்தால் அந்தத் தேதியையும் அப்படியே விசாரித்து வரலாம்.

வாழை விஷயத்துக்கு வருவோம். அதற்காகக் கோவை வரை சுமக்க வேண்டியதில்லை. வாழைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் திருச்சி தாயனூரில், தோகைமலை சாலையில் இருக்கிறது. குளித்தலைக்காரர்களுக்குத் தோகைமலை பக்கத்து ஊர். கையில் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு தூரத்துக்குப் போவானேன்? வாடல் கண்ட மரத்தின் கிழங்கையோ கன்றையோ பஸ்ஸில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவதும் சரியல்ல. கிழங்கோடும் மண்ணோடும் நோய் பரவும். இலை மஞ்சளானது, தண்டு அடியில் வெடித்தது, தண்டை வெட்டினால் உள்ளே தெரியும் நிறம், இவற்றைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டி, மாதிரி தேவையா என்று கேட்டுக்கொள்ளலாம். ரகம், நட்ட மாதம், முன்பு என்ன பயிர், கன்று எங்கே வாங்கியது என்ற விவரங்களும் கையில் இருக்க வேண்டும். அதுவரை நோய் கண்ட மரத்தடியிலிருந்து கன்று எடுத்து வேறு வயலில் வைக்காதீர்கள்.

கோவையில் மூன்று மணிக்கு மேல் நேரம் மிச்சமிருந்தால் இரண்டு வழி இருக்கிறது. அதே 70-ல் ஏறிக் கடைசி நிறுத்தம் போனால் மருதமலை அடிவாரம். இல்லையென்றால் திரும்பும் வழியில், ஆர்.எஸ்.புரம் கௌலி பிரவுன் சாலையில் இருக்கும் காஸ் வன அருங்காட்சியகம். 1902-ல் தொடங்கியது, மரங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள ஏற்ற இடம். வரப்பில் தேக்கு, மலைவேம்பு வைத்திருப்பவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டால் ஊர் திரும்ப நள்ளிரவாகிவிடும்.

மாலை ஐந்து மணிக்கு மேல் டவுன் பஸ்களில் நெரிசல் அதிகம். நாலரைக்கெல்லாம் காந்திபுரத்துக்குக் கிளம்பி, ஆறு மணிக்குள் சிங்காநல்லூரில் கரூர் பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டால், பதினொரு மணியையொட்டிக் குளித்தலை வந்து சேரலாம். கரூரிலிருந்து குளித்தலைக்குக் கடைசியாக எத்தனை மணிக்குப் பஸ் என்பதைக் காலையில் போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.