கொதிப்பது எம்.ஜி., தண்டனை ரேடியேட்டருக்கு

இங்கிலாந்தில் கோடை என்பது சில வாரச் சமாச்சாரம். கொட்டகையில் போர்த்தி வைத்திருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் அப்போதுதான் வெளியே வருகின்றன. கூரையை மடக்கிவிட்டுக் கிராமத்துச் சாலையில் பறக்கும்வரை சுகம்தான். ஊருக்குள் நுழைந்து நெரிசலில் பத்து நிமிடம் நின்றால் போதும், வெப்பமானி முள் ஏறத் தொடங்கும். சற்றுப் பொறுத்தால் போனட் இடுக்கிலிருந்து ஆவி. அன்று மாலையே காரின் சொந்தக்காரர் புது ரேடியேட்டர் என்ன விலை என்று விசாரிக்கிறார்.

பாதி நேரம் அது வீண் செலவு.

ஆக்ஸ்போர்டை அடுத்த அபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி.யை எடுத்துக்கொள்ளலாம். 5 லட்சத்துக்கும் மேல் உற்பத்தியான கார். அதன் 1,798 சி.சி. இன்ஜின் பி.எம்.சி. நிறுவனத்தின் 'பி' வரிசையைச் சேர்ந்தது. இந்திய வாசகருக்கு இந்தக் குடும்பம் அந்நியமல்ல. அம்பாசடரின் வயிற்றில் பல ஆண்டுகள் உறுமிய 1,489 சி.சி. பெட்ரோல் இன்ஜினும் இதே வரிசைதான். எம்.ஜி.பி.க்கு முந்தைய எம்.ஜி.ஏ.வின் முதல் மாடலுக்கும் அதே 1,489 சி.சி.தான் பொருத்தப்பட்டது. மலைப்பாதையில் போனட்டைத் திறந்து வைத்துவிட்டு, வாளியோடு ஓடையைத் தேடிப் போன டிரைவர்களுக்கு இந்த நோய் நன்றாகத் தெரியும். (இன்று நம் சாலைகளில் ஓடும் புதிய எம்.ஜி. கார்களுக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டுமே.)

ரேடியேட்டர் செய்வது எளிய வேலை. இன்ஜினைச் சுற்றி வந்த சூடான நீர் மேல்தொட்டியில் விழுகிறது. சன்னமான குழாய்கள் வழியே கீழே இறங்குகிறது. குழாய்களை ஒட்டியிருக்கும் மெல்லிய செம்புத் தகடுகளின் ஊடே காற்று புகுந்து சூட்டைக் கொண்டுபோகிறது. கீழ்த்தொட்டிக்கு வந்து சேரும் நீரை பம்ப் மறுபடி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. மேலே இருக்கும் மூடி வெறும் மூடியல்ல. அதன் ஸ்பிரிங் சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம்வரை ஆவியை அடக்கி வைத்தால், தண்ணீர் 100 டிகிரிக்குப் பதிலாக ஏறத்தாழ 111 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்த மூடி அந்த 11 டிகிரியைத் திருடிவிடுகிறது. சில பவுண்டு விலையுள்ள சாமான். முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான். அதுவும் இன்ஜின் ஆறிய பிறகு. சூட்டோடு திறந்தால் முகம் வெந்துவிடும்.

அடுத்த சந்தேகம் தெர்மோஸ்டாட் மீது. 82 டிகிரியில் திறக்க வேண்டிய இந்தக் கதவு திறக்க மறுத்தால், உலகத்திலேயே சிறந்த ரேடியேட்டரும் சும்மா உட்கார்ந்திருக்கும். கழற்றிப் பாத்திரத்தில் வெந்நீர் வைத்துச் சோதித்துவிடலாம். இக்னிஷன் டைமிங் பிந்தியிருந்தாலும் இன்ஜின் சூடாகும். ஃபேன் பெல்ட் வழுக்கினாலும் ஆகும். இவற்றையெல்லாம்விடப் பெரிய கள்ளன் இன்ஜின் பிளாக்கினுள்ளேயே இருக்கிறான். வார்ப்பிரும்பு துருப்பிடித்து, அந்தத் துரு அரை நூற்றாண்டாகச் சேறாகப் படிந்திருக்கிறது. பம்ப்புக்கு வெகு தூரத்தில், கடைசி சிலிண்டரைச் சுற்றித்தான் இந்தச் சேறு அதிகம். அதை அலசி எடுக்காமல் புது ரேடியேட்டர் பொருத்தினால், கிளம்பி வரும் துரு அதன் குழாய்களையும் அடைத்துவிடும். நீர் வழக்கமாக ஓடும் திசைக்கு எதிராக ஹோஸ் பைப்பை வைத்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை பிளாக்கை அலசுவது பழைய மெக்கானிக்குகளின் முறை.

இத்தனைக்குப் பிறகும் முள் ஏறினால், அல்லது செம்பில் பச்சை பூத்துத் தண்ணீர் கசிந்தால், ரேடியேட்டரை இறக்க வேண்டியதுதான். கழற்றும் வேலை ஒன்றும் பிரமாதமல்ல. ஹோஸ்களை இறுக்கும் ஜுபிலி கிளிப்புகளைத் தளர்த்த வேண்டும். (பிரிட்டிஷ் கடற்படை கமாண்டர் லம்லி ராபின்சன் 1921இல் காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்பு இது. நூறு வருடம் கழித்தும் புழக்கத்தில் இருக்கிறது.) துருவேறிய போல்ட்டுகளுக்கு முதல் நாளே எண்ணெய் விட்டு வைக்க வேண்டும். பலர் சிக்குவது வேறு இடத்தில். பழைய மாடல்களில் இன்ஜினிலிருந்து டாஷ்போர்டு வரை ஈதர் அடைத்த மெல்லிய குழாய் ஒன்று போகிறது. வெப்பமானியின் உயிர் அதில்தான். அதை ஒருமுறை முறித்துவிட்டால் ரேடியேட்டர் செலவோடு மீட்டர் செலவும் சேரும்.

இறக்கியபின்தான் உண்மையான கேள்வி: மாற்றுவதா, பழுதுபார்ப்பதா? அலுமினிய ரேடியேட்டர்கள் கடையில் தயாராக இருக்கின்றன. எடை குறைவு, பளபளப்பு அதிகம். 40 வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு 2018 முதல் ஆண்டுச் சோதனையிலிருந்து பிரிட்டிஷ் அரசு விலக்கு தந்திருக்கிறது. ரேடியேட்டரை மாற்றினால் அந்தச் சலுகை போய்விடாது. அதனால் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் பழையதைத் தூக்கி எறிவதற்கு முன் அது எப்படிச் செய்யப்பட்டது என்று பார்க்க வேண்டும். செம்புத் தகடு, பித்தளைத் தொட்டி, நடுவே ஈயப்பற்று. சுடரைக் காட்டினால் பற்று இளகும். தொட்டி தனியே வந்துவிடும். நடுவிலிருக்கும் குழாய்ப் பகுதியை மட்டும் புதிதாக வைத்து, அசல் தொட்டிகளை மறுபடி பற்றவைக்கலாம். பிறகு காற்றடைத்து நீர்த்தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள், சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் பார்ப்பது போல. பிரித்து ஒட்டுவதற்கென்றே செய்த பொருள் இது. இன்றைய கார்களில் பெரும்பாலும் அலுமினியத்தோடு பிளாஸ்டிக் தொட்டியை மடித்துக் கவ்வியிருக்கிறார்கள். உடைந்தால் குப்பைதான். எம்.ஜி.பி. வைத்திருப்பவர் பழுதுபார்ப்பதையே தேர்ந்தெடுக்கலாம், பட்டறை கிடைத்தால்.

கிடைப்பதுதான் கஷ்டம். புதுக் கார்கள் அந்தத் தொழிலுக்கு வேலை வைக்கவில்லை. தொழிலும் உடம்புக்கு நல்லதல்ல. பற்றில் பெரும்பங்கு ஈயம். ரேடியேட்டர் பட்டறைத் தொழிலாளர் ரத்தத்தில் ஈயம் ஏறியிருப்பதை அமெரிக்க ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. அதே நாட்டின் தென் மாநிலங்களில் கள்ளச்சாராயம் காய்ச்சியவர்கள் பழைய ரேடியேட்டரை ஆவி குளிர்விக்கப் பயன்படுத்தி, குடித்தவர்களுக்கு ஈய விஷத்தையும் சேர்த்தே கொடுத்தார்கள். பழைய கைவேலை என்று உருகுகிறவர்கள் புகைபோக்கியும் முகமூடியும் உள்ள பட்டறையாகத் தேடிப்போவது நல்லது.

பழுது பார்த்துத் திரும்பிய ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை நிரப்பிவிடக் கூடாது. உறையாமலும் துரு பிடிக்காமலும் காக்கும் கிளைக்கால் கலவைதான் ஊற்ற வேண்டும். அதிலும் புதுக் கார்களுக்கென்று விற்கும் சில ரகங்கள் ஈயப்பற்றை அரிக்கின்றன என்று பழைய கார்ச் சங்கங்கள் எச்சரிக்கின்றன. கிளைக்கால் இனிக்கும், விஷம். தரையில் சிந்தியதை நாய் நக்கிவிடாமல் துடைக்க வேண்டும். ஊற்றும்போது ஹீட்டர் வால்வு திறந்திருக்கட்டும், இல்லையென்றால் உள்ளே காற்று அடைபட்டுக்கொள்ளும். இன்ஜினைச் சற்று நேரம் ஓட்டி, மறுநாள் காலை குளிர்ந்த பிறகு மூடியைத் திறந்தால் மட்டம் இறங்கியிருக்கும். அந்த அளவுக்கு ஊற்றிவிட்டுக் காரை வெளியே எடுக்கலாம்.